பத்து வகுப்பறை, இருபது ஆண்டு: திருகோணமலைக் கரையோரப் பாடசாலை ஒன்றின் கட்டடக் கணக்கு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வழியாகக் குச்சவெளி போகும் கரையோரத்தில் உள்ள ஒரு மாகாணப் பாடசாலையைப் பற்றியது இந்த ஆய்வு. பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே நடந்தது அந்த ஒரு பாடசாலைக்கு மட்டும் நடந்ததல்ல.

நம் ஊர்க் கட்டட வேலைக்காரர் பேச்சில் அது ஒரு 'நூறுக்கு இருபத்தைந்து'. அதாவது நூறு அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம், கீழே ஐந்து வகுப்பறை, மேலே ஐந்து. 2021 இல் வேலை தொடங்கியது. 2022 இல் நின்றது. மிச்ச வேலையை வழமைபோல் ரெண்டர் போட்டு முடிப்பதா, அல்லது அரச-தனியார் பங்குடைமைக்குப் போவதா என்ற பேச்சு பின்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்தது. இரண்டாவது வழியில் ஒரு கம்பனி தன் பணத்தில் கட்டும், இருபது ஆண்டு பராமரிக்கும், அரசு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும். கட்டடச் செலவை அளந்து கணக்கிடும் கியூ.எஸ். வேலை பார்ப்பவன், அதே பாடசாலையில் படித்தவன் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி சங்கம் என்னிடம் கேட்டது. எழுதிக் கொடுத்ததன் விரிவு இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குடைமையை ஆதரிப்பவர்கள் சுட்டிக்காட்டும் குறை உண்மையானது. கட்டி முடித்த கட்டடத்துக்கு நம் நாட்டில் பொறுப்பாளி கிடையாது. ஆனால் அந்தப் பொறுப்பைத் தனியார் கடனோடு சேர்த்து வாங்கத் தேவையில்லை. அதைத் தனியாக வாங்கலாம், அப்படி வாங்கினால் மலிவு.

வேலை ஏன் நின்றது

எல்லோரும் ஒப்பந்தக்காரரைத்தான் குறை சொன்னார்கள். கோப்பைப் புரட்டினால் கதை வேறு.

தேர்வு முறையில் பெரிய பிழை இல்லை. விலைமனு கோரப்பட்டது, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு பார்த்தது, நிபந்தனைகளுக்கு அமைந்தவற்றுள் குறைந்த விலைக்கு வேலை போனது. பிறகு டொலர் தட்டுப்பாடு வந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் முன்னூற்று அறுபதைத் தொட்டது. ஆயிரத்தைச் சுற்றி விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரம் வரை ஏறியது. ஒப்பந்தத்தில் விலைமாற்றச் சூத்திரம் இருந்தது. ஆனால் அது பொருள் விலைகளின் மாதாந்தச் சுட்டெண்ணை நம்பி இயங்குவது. சுட்டெண் வந்து சேர்வதற்குள் கடைக்காரர் அடுத்த விலைக்குப் போய்விட்டார். அதோடு மூலதனச் செலவைக் கட்டுப்படுத்தும்படி திறைசேரி சொல்லிவிட்டது. முடித்த வேலைக்கான பில்லே மாதக்கணக்கில் கிடந்தது. வங்கி மேலதிகப்பற்றில் ஓடும் சிறிய ஒப்பந்தக்காரர் அந்த நிலையில் ஆட்களை அனுப்பிவிடுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

நெருக்கடி விதிவிலக்கு என்று வைத்துக்கொள்வோம். அது இல்லாத ஆண்டுகளிலும் திருகோணமலையில் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வெளியே இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒதுக்கீட்டின் காலம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. காசு உண்மையில் கைக்கு வருவதோ ஆண்டின் பின்பாதியில். அதனால் ஆண்டு முழுக்க மெல்ல நகர்ந்த வேலை ஒக்டோபர், நவம்பர், டிசம்பரில் அவசர அவசரமாக ஓடும்.  எங்களுக்கு அதுதான் வடகீழ்ப் பருவமழைக் காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கும் அந்த மாதங்களில்தான் சிலாப் போடப்படுகிறது. ஈர மணலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று கணக்கில்லாமல் கலவை போகும். தார்ப்பாய் போர்த்தி ராத்திரியில் கொங்கிரீட் ஊற்றுவார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் கட்டடத்துக்கு, கம்பியை மூடும் கொங்கிரீட்டின் தரமும் கனமும்தான் ஆயுள். உப்புக்காற்று அதற்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதி, கொங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். பத்து, பதினைந்து ஆண்டில் தூண் வெடித்து நிற்கும் பாடசாலைகளைக் கரையோரம் முழுக்கப் பார்க்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டியவற்றிலும் அப்படி உண்டு.

இந்தக் கட்டடத்திலும் மேல்தளத் தூண்களுக்காக விட்ட கம்பிகள் ஆண்டுக்கணக்காக வெளியில் நின்றுவிட்டன. யார் மிச்ச வேலையைச் செய்தாலும் முதலில் அந்தக் கம்பிகளையும் ஏற்கெனவே போட்ட கொங்கிரீட்டையும் சோதிக்க வேண்டும். அந்தச் செலவை அளவுப் பட்டியலில் தனி உருப்படியாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதை விட்டுவிட்டு விலை போட்டவருக்குத்தான் வேலை கிடைக்கும்.

சாவி கொடுத்த பிறகு

வழமையான ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு பொதுவாக ஓராண்டு. ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைத்த பணத்தில் பாதியை வேலை முடிந்ததும் கொடுப்பார்கள், மீதியைக் குறைகளைத் திருத்தும் அந்த ஓராண்டு முடிந்ததும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு கூரை ஒழுகினால் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார், வலயம் மாகாணத்துக்கு எழுதும், மாகாணம் அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்ப்பதாகச் சொல்லும். பொறுக்க முடியாத கட்டத்தில் அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் காசு சேர்க்கும். மீன்பிடிக் குடும்பமும் கூலி வேலைக் குடும்பமும் கழிவறைக் குழாய்க்குக் காசு கொடுக்கின்றன. 1945 முதல் கல்வி இலவசம் என்று சொல்லும் நாட்டில், கட்டடத்தின் பராமரிப்பு மட்டும் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே சங்கத்தில் ஒருவர் எழுந்து, கம்பனியே இருபது ஆண்டு பார்த்துக்கொள்ளும், ஒழுகினால் அதன் காசை வெட்டலாம் என்று சொன்னபோது, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்ததில் ஆச்சரியமில்லை.

பங்குடைமை என்றால் இங்கே என்ன

திருகோணமலைக்காரருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி அவற்றுள் 61 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதமும் லங்கா ஐஓசிக்கு 49 வீதமும் பங்குள்ள கூட்டுக் கம்பனியிடம் போயின. 14 லங்கா ஐஓசியிடமும் 24 கூட்டுத்தாபனத்திடமும் உள்ளன. அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் தாங்கி வருமானம் தரும் சொத்து. எண்ணெய் வைப்பவர் கட்டணம் கொடுப்பார், போட்ட முதல் அதிலிருந்து திரும்பும். துறைமுக முனையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இதே கணக்குத்தான்.

பாடசாலைக்கு வாசலில் கட்டணம் இல்லை. கம்பனி போட்ட முதலும் வட்டியும் இலாபமும் பராமரிப்பும் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் திரும்பிவர முடியும். அது அரச வரவு செலவுத் திட்டம். தனியார் முதலீடு வருகிறது என்ற சொல்லைக் கேட்டு, அரசுக்குச் செலவு இல்லை என்று சங்கத்தில் பாதிப்பேர் விளங்கிக்கொண்டார்கள். செலவு உண்டு, பிந்தி வரும், கூடவும் வரும். எவ்வளவு கூட என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக, கட்டடச் செலவு 10 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசு 10 வீத வட்டியில் கடன் வாங்கி இருபது ஆண்டில் சம தவணையாகக் கட்டினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி 17 இலட்சம். கம்பனி, வங்கிக் கடனும் தன் பங்கு முதலும் கலந்து 14 வீதம் எதிர்பார்த்தால், ஆண்டுக்கு 1 கோடி 51 இலட்சம். வித்தியாசம் ஆண்டுக்கு சுமார் 33 இலட்சம், இருபது ஆண்டில் 6 கோடி 70 இலட்சம். நான்கு வீதப் புள்ளி என்பது நான் போட்ட அனுமானம். நல்ல பெயருள்ள கம்பனிக்கு அது குறையலாம். ஆனால் அரசைவிட மலிவாக ரூபாயில் கடன் வாங்கும் கட்டடக் கம்பனி இந்த நாட்டில் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். கட்டடத்தைச் சரியாகப் பராமரிக்க, அதை இன்று புதிதாகக் கட்டும் விலையில் ஆண்டுக்கு 2 முதல் 4 வீதம் வேண்டும் என்பது உலகில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 10 கோடிக் கட்டடத்துக்கு அது 20 முதல் 40 இலட்சம். வட்டி வித்தியாசமாகக் கம்பனிக்குப் போகும் 33 இலட்சம் அந்த எல்லைக்குள்தான் விழுகிறது. விலைவாசி ஏறப் பராமரிப்புச் செலவும் ஏறும், சரி. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில், கடனை மலிவாக எடுத்து மிச்சம் பிடிக்கும் பணத்திலேயே பராமரிப்பை வாங்கிவிடலாம். பங்குடைமையிலோ பராமரிப்புக் கட்டணம் இந்த 1 கோடி 51 இலட்சத்துக்கு மேலே தனியாக வரும்.

பிரித்தானியா இந்த முறையை 1992 இல் தொடங்கி மிகப் பரவலாகச் செய்துபார்த்தது. அங்கே தேசிய கணக்காய்வு அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, ஒரு பாடசாலைத் தொகுதிக்கு இந்த வழியில் ஆன செலவு அரச கடனில் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிட சுமார் 40 வீதம் அதிகம் என்று காட்டியது. அதே ஆண்டு ஒக்டோபரில், புதிய திட்டங்களுக்கு இனி இந்த வழி இல்லை என்று அந்நாட்டு நிதியமைச்சர் அறிவித்தார்.

வெளிநாட்டுப் பாடங்களில் நமக்கு உதவுபவை

பங்குடைமை எங்கும் தோற்றது என்று எழுதினால் அது நேர்மையாகாது. பிலிப்பைன்ஸ் 2012 இல் மூன்று பிராந்தியங்களுக்கு 9,303 வகுப்பறைகளை இந்த வழியில் ஒப்பந்தம் செய்தது. கம்பனி கட்டும், கல்வித் திணைக்களம் பத்து ஆண்டு குத்தகை செலுத்தும், பிறகு கட்டடம் அரசுக்கு வரும். வகுப்பறைப் பற்றாக்குறை பெரிதாக இருந்த நாட்டில் தொகையாகக் கட்ட அது கைகொடுத்தது. பிரேசிலின் பெலோ ஒரிசொந்தே மாநகரம் அதே ஆண்டு 37 பாடசாலைகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அங்கே கற்பித்தல் மாநகரத்திடமே இருந்தது. துப்புரவு, காவல், பராமரிப்பு கம்பனியிடம் போயின. குழாய்க்காரரைத் தேடி அலையும் நம் அதிபர்களை நினைத்தால் அந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

எடின்பரோவில் நடந்தது வேறு. 2016 ஜனவரி 29 அதிகாலை, புயலில் ஒக்ஸ்காங்ஸ் ஆரம்பப் பாடசாலையின் வெளிச்சுவர், ஏறக்குறைய ஒன்பது தொன் கல், இடிந்து விழுந்தது. பிள்ளைகள் வரும் நேரமில்லாததால் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்தக் கட்டடம் பங்குடைமையில் கட்டப்பட்டது. சுவரின் இரு படைகளையும் பிணைக்கும் கம்பிகள் உரிய அளவுக்குப் பதியவில்லை என்று தெரிந்ததும், அதே தொகுதியைச் சேர்ந்த மற்றவற்றையும் சோதித்து, ஏப்ரலில் 17 பாடசாலைகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு இடங்களில் படித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை சொன்னதை இரு தரப்பும் தங்களுக்கு வசதியானபடி மேற்கோள் காட்டுகின்றன. தனியார் நிதி என்பதே சுவரை விழுத்தவில்லை, ஆனால் கட்டுபவரே தன்னைச் சோதித்துக்கொள்வார் என்று நம்பிப் பொதுத்தரப்பு தன் கண்காணிப்பைக் கைவிட்டது ஆபத்தைக் கூட்டியது என்பதே அதன் சாரம். என் தொழிலில் நான் கண்டதும் இதுதான். சுவருக்குள் போன கம்பியை யாரும் பிறகு பார்க்க முடியாது. சாந்து காய்வதற்கு முன் அங்கே நிற்கும் ஆள் யாருடைய ஆள் என்பதுதான் தரம்.

சமநிலைக்காக இதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2023 இல் 'ராக்' என்ற இலேசான கொங்கிரீட் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் தங்கள் கட்டடங்களை மூட நேர்ந்தது. அரசே வழமையான முறையில் கட்டிய பழைய கட்டடங்கள் அவை. ஆயுள் முடிந்தும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அரசு கட்டினால் அரசு பார்க்கும் என்பதும் நடந்ததில்லை.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம் 2014 இல், பங்குடைமையில் கட்ட நினைத்த 19 பாடசாலைகளை வழமையான முறைக்கே மாற்றியது. போட்டிக்கு ஒரே ஒரு கூட்டணிதான் வந்திருந்தது. கிழக்கு மாகாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? பெரிய வேலைகளை எடுக்கப் பதிவுபெற்ற சி-1 தரக் கம்பனிகள் கொழும்பில் இருக்கின்றன. பத்து வகுப்பறைக்காக இருபது ஆண்டு ஒப்பந்தம் போட அவை வரா. ஐம்பது, அறுபது பாடசாலைகளை ஒன்றாகக் கட்டினால் ஒன்றிரண்டு வரலாம். அப்போது கிண்ணியா, மூதூர், திருகோணமலையின் சிறு ஒப்பந்தக்காரர்கள் உப-கொந்தராத்துக்காரர்களாகிவிடுவார்கள். வேலை அவர்கள் கையால்தான் நடக்கும், விலை மட்டும் இடையில் ஒரு படி ஏறும்.

இருபது ஆண்டு என்பது இந்த மாவட்டத்தில் எவ்வளவு நீளம்

லிவர்பூலில் 2002 இல் பங்குடைமையில் கட்டிய ஒரு மேல்நிலைப் பாடசாலை, பிள்ளைகள் குறைந்ததால் 2014 இல் மூடப்பட்டது. ஒப்பந்தம் முடியவில்லை. வெறும் கட்டடத்துக்கு மாநகரசபை ஆண்டுக்கு நாற்பது இலட்சம் பவுணளவில் கட்டிக்கொண்டிருந்தது. அமைதியான ஒரு நகரத்திலேயே இப்படி.

இப்போது 2000 ஆம் ஆண்டில் திருகோணமலையில் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானதாக நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2006 இல் போரால் சம்பூரிலிருந்து மக்கள் முழுதாக இடம்பெயர்ந்தார்கள், 2015 இல்தான் சொந்த நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டு பிள்ளைகளே இல்லாத ஊர். அங்கே ஒரு பங்குடைமைப் பாடசாலை இருந்திருந்தால் அந்த ஒன்பது ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டியிருப்பார்? இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தில் அரச தரப்பாகக் கையெழுத்திட்டிருக்கும் வடக்கு-கிழக்கு மாகாண நிர்வாகமே 2007 ஜனவரியில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் இருப்பார், கையெழுத்திட்ட மறுதரப்பு இருக்காது. பிறகு வந்த கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் மாகாணம் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழ் ஓடுகிறது. மக்கள் தெரிவு செய்த சபை இல்லாத இடத்தில், அடுத்த தலைமுறையின் வரவு செலவைக் கட்டிப்போடும் கையெழுத்தை யார் இடலாம்? என் அறிக்கையில் இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுத்தேன். சங்கத்திலும் இதுதான் ஆட்களை அசைத்தது.

கட்டணம் டொலரோடு பிணைக்கப்பட்டிருந்தால் என்னவாகும் என்பதற்கு 2022 போதும். ஒரு இலட்சம் டொலர் கட்டணம் 2 கோடி ரூபாயாக இருந்து 3 கோடி 60 இலட்சமாகியிருக்கும். ரூபாயில் என்றால் வட்டி ஏற்றத்தை யார் சுமப்பது என்ற சரத்தில்தான் சண்டை வரும்.

சங்கத்துக்குச் சொன்னது

மிச்ச வேலையை மாகாண நிதியில் வழமையான விலைமனுவிலேயே முடிக்கலாம். ஆனால் ஒப்பந்தம் இரண்டு பகுதியாக இருக்க வேண்டும்: கட்டுவது, அதன்பின் பத்து ஆண்டு பராமரிப்பது. இரண்டுக்கும் விலை ஒன்றாகக் கேட்கப்படும், ஒன்றாக மதிப்பிடப்படும். மலிவான கூரைத்தகடு போட்டவர் பராமரிப்பில் அதன் விலையைத் தானே கொடுப்பார். பராமரிப்புக் கட்டணம் காலாண்டுக்கு ஒருமுறை. கூரை, மின்சாரம், தண்ணீர், கழிவறை ஆகியவை அதிபரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கையொப்பமிட்ட பதிவின்படி இயங்கியிருந்தால் முழுத்தொகை, இல்லாவிட்டால் வெட்டு. கட்டணத்தை வெட்டும் அந்த உரிமைதான் பங்குடைமையின் நல்ல பகுதி. அதற்குத் தனியார் கடன் தேவையில்லை.

சிலாப், தூண் போடும் நாட்களில் மாகாணத்தின் ஆள் ஒருவர் தளத்தில் முழுநேரம் நிற்க வேண்டும். கொங்கிரீட் வேலை செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். அதற்காக ஒப்பந்தம் ஜனவரியில் வழங்கப்பட வேண்டும், விலைமனு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே கோரப்பட வேண்டும்.

எதிர்க்கேள்விகள் வந்தன. சிறிய ஒப்பந்தக்காரர் பத்து ஆண்டு தாக்குப்பிடிப்பாரா என்று கேட்டார்கள். எல்லோரும் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். அதனால் பராமரிப்புக் காலத்துக்குச் சிறிய வங்கிப் பிணை ஒன்று கேட்டேன். ஒருவர் விலகினால் அருகிலுள்ள பாடசாலையைப் பராமரிப்பவருக்கு அதே விலையில் கொடுக்கும் சரத்தையும் சேர்த்தேன். பெரிய கேள்வியைக் கேட்டவர் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். பங்குடைமைக் கட்டணத்தை எந்தக் கணக்காளராலும் வெட்ட முடியாது, அது ஒப்பந்தக் கடன். பராமரிப்பு ஒதுக்கீட்டை மட்டும் முதல் நெருக்கடியிலேயே வெட்டிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னது சரி. பங்குடைமைக்குள்ள மிக வலுவான நியாயமும் அதுதான். என் பதில், பத்து ஆண்டுப் பராமரிப்பும் கையெழுத்தான ஒப்பந்தம்தான் என்பது. மாகாண மதிப்பீட்டில் அதைப் 'பராமரிப்பு' என்ற பொதுத் தலைப்புக்குள் கலக்காமல், கட்டடத்துக்குரிய பல்லாண்டுப் பொறுப்பாகத் தனி வரியில் காட்ட வேண்டும். அவர் பாதி ஒத்துக்கொண்டார். தனி வரியாக இருந்தாலும் காசு விடுவிப்பு திறைசேரியின் கையில்தானே என்றார்.

சங்கம் அவருடைய திருத்தத்தையும் சேர்த்தே பரிந்துரையை வலயத்தினூடாக மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு அனுப்பியது. திருத்தம் இதுதான்: முதல் மூன்று ஆண்டுப் பராமரிப்புத் தொகையைக் கட்டுமான ஒதுக்கீட்டிலேயே சேர்த்துக் கேட்டு, ஒப்பந்தம் வழங்கும்போதே தனி வைப்புக் கணக்கில் போட்டுவிட வேண்டும். நிதி விதிகள் அதற்கு இடம் தருமா என்பதைப் பிரதம செயலாளர் அலுவலகம் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தின் முதல் பக்கத்தில் அந்த ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறோம்.